கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பின் வறளும் வாய், மறையும் சுவை: வீட்டார் அறிய வேண்டியவை

"கரண்ட் வைத்து முடிந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்" என்று சொந்தபந்தங்களுக்கெல்லாம் தகவல் சொல்லியாகிவிட்டது. ஆறேழு வாரமாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அலைச்சல் ஓய்ந்தது. இனி நன்றாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றினால் போதும் என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறோம். வாப்பாவுக்குப் பிடிக்குமே என்று உம்மா நெய்ச்சோறும் கறி ஆணமும் ஆக்கி வைக்கிறார். ஒரு வாய் எடுத்து வைத்ததும் வாப்பா தட்டைத் தள்ளிவிடுகிறார். "உப்பும் இல்லை, ருசியும் இல்லை. வாய்தான் எரியுது" என்கிறார். உம்மா எடுத்து ருசி பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மறுநாள் உப்பைக் கூட்டிப் போட்டாலும் அதே பதில். மூன்றாம் நாள் உம்மாவின் கண்ணில் நீர் நிற்கிறது. வாப்பாவோ சாப்பாட்டு நேரத்தில் "எனக்குப் பசிக்கலை" என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறார்.

வாய், நாக்கு, தொண்டை ஆகிய இடங்களில் புற்றுநோய் வந்து கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்கள் இருக்கும் பல வீடுகளில் நடப்பது இதுதான். இதில் உம்மாவின் சமையலிலும் குறை இல்லை, வாப்பாவின் மனதிலும் குறை இல்லை. சிகிச்சையின் விளைவாக உமிழ்நீர் குறைந்திருக்கிறது, நாக்கு சுவையை உணரும் திறனை இழந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாத வீட்டில் நோயாளியின் எடை இறங்கும், பற்கள் கெடும், மனமும் ஒடுங்கும். புரிந்துகொண்டுவிட்டால் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

இந்தியாவில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். இலங்கையிலும் ஆண்களிடையே அதுவே முன்னணியில் நிற்கிறது. எனவே இது எங்கோ யாருக்கோ வரும் பிரச்சினை என்று நாம் கடந்துபோக முடியாது.

வாய் ஏன் வறள்கிறது?

நம் வாயைச் சுற்றி மூன்று ஜோடிப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன. காதுக்கு முன்புறம், கன்னத்தை ஒட்டி ஒரு ஜோடி. கீழ்த்தாடைக்கு அடியில் ஒரு ஜோடி. நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி. இவை தவிர உதடு, கன்னத்தின் உட்புறம், அண்ணம் என்று வாய் முழுக்க நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. நாம் அறியாமலேயே அதை விழுங்கிக்கொண்டிருக்கிறோம்.

உமிழ்நீரில் 99 சதவீதம் தண்ணீர்தான். மிச்சமுள்ள ஒரு சதவீதத்தில்தான் அதன் மகிமை இருக்கிறது. சோற்றிலுள்ள மாவுச்சத்தைச் செரிக்கத் தொடங்கும் நொதி அதில் உண்டு. பல்லைக் காக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் உண்டு. கிருமிகளை அடக்கும் பொருட்களும், அமிலத்தைச் சமன் செய்யும் பொருட்களும் உண்டு. வாயும் தொண்டையும் வழுவழுப்பாக இருந்து சோற்றுக் கவளம் உள்ளே இறங்குவதற்கும், நா பிறழாமல் பேசுவதற்கும் உமிழ்நீர்தான் காரணம்.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் பொதுவாக 60 முதல் 70 கிரே வரை கதிர்வீச்சு தருகிறார்கள். கிரே என்பது கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள் என்ற கணக்கில் ஆறு முதல் ஏழு வாரம் வரை இது நடக்கும். கட்டியும், கழுத்தில் நெறி கட்டிய இடங்களும் உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கதிர்கள் அவற்றின் மீதும் படுகின்றன. வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கதிர்வீச்சு முதலில் அழிக்கும் என்பது பொது விதி. உமிழ்நீர்ச் சுரப்பியின் செல்கள் மெதுவாகவே பெருகுகின்றன. அப்படியிருந்தும் அவை கதிர்வீச்சை அறவே தாங்குவதில்லை. சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்திலேயே சுரப்பு குறையத் தொடங்கிவிடுகிறது.

தண்ணீர் போன்ற உமிழ்நீரைத் தரும் செல்களே அதிகம் பாதிக்கப்படுகின்றன. கோழை போன்ற பகுதியைத் தரும் செல்கள் ஓரளவு தப்பிவிடும். அதனால்தான் "வாய் காய்கிறது" என்று சொல்லும் அதே நோயாளி "கெட்டியாக நூல் நூலாக எச்சில் வருகிறது, துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை" என்றும் சொல்கிறார். இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

மார்பகம், கருப்பை, வயிறு போன்ற இடங்களில் மட்டும் கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கு இந்தச் சுரப்பிகள் பாதிக்கப்படுவதில்லை. கதிர்கள் எந்த இடத்தில் படுகின்றனவோ அங்கேதான் அவற்றின் விளைவு இருக்கும். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் குடித்தவர்களில் சிலருக்கு இதே சுரப்பிகளில் வீக்கமும் வறட்சியும் வருவதுண்டு.

சுவை எங்கே போகிறது?

ஒரு சின்னச் சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். சுத்தமான துணியால் நாக்கை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு நுனி நாக்கில் நாலைந்து சீனியை வையுங்கள். உடனே இனிக்காது. எச்சில் ஊறி சீனி கரைந்த பிறகுதான் இனிப்புத் தெரியும். உணவு கரைந்தால்தான் அதன் சுவை நாக்கிலுள்ள சுவை மொட்டுகளைச் சென்றடையும். உமிழ்நீர் இல்லாதவருக்கு அந்த முதல் படியிலேயே தடை வந்துவிடுகிறது.

சுவை மொட்டுகளும் நேரடியாக அடிபடுகின்றன. அவற்றின் செல்கள் ஏறத்தாழ பத்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் பழையன கழிந்து புதியன பிறப்பவை. புதிய செல்கள் உருவாவதைக் கதிர்வீச்சு நிறுத்திவிடுகிறது. பழையவை உதிர்ந்துபோக, இடத்தை நிரப்பப் புதியவை இல்லை. எனவே இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் சுவை மங்கத் தொடங்கி, சிகிச்சை முடியும் தறுவாயில் மிக மோசமான நிலையை அடைகிறது. சிலருக்கு எல்லாம் சப்பென்று இருக்கும். சிலருக்கு இறைச்சி இரும்பைச் சப்புவது போலிருக்கும். சிலருக்கு இனிப்பே கசக்கும்.

இங்கே இரண்டு விஷயங்களை வீட்டில் சமைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, மிளகாயின் உறைப்பு சுவை மொட்டுகளால் உணரப்படுவது அல்ல. அது வலியையும் சூட்டையும் உணரும் நரம்புகளின் வேலை. அந்த நரம்புகள் விழிப்பாகவே இருக்கின்றன. அதனால்தான் ருசி ஒன்றுமே தெரியாத வாய் உறைப்புக்கு மட்டும் பற்றி எரிகிறது. "ருசி தெரியவில்லையே" என்று மிளகாயைக் கூட்டிப் போடுவது புண்ணில் கோலைக் குத்துவதாகிவிடும்.

இரண்டாவது, நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மணம். வாயிலும் தொண்டையிலும் மட்டும் கதிர்வீச்சு பட்டவர்களுக்கு மூக்கு பெரும்பாலும் வேலை செய்கிறது. ஏலம், பட்டை, ரம்பை இலை, புதினா, மல்லித்தழை ஆகியவற்றின் வாசம் அவரைச் சென்றடையும். உறைப்பைக் குறைத்து வாசத்தைக் கூட்டுவது சமையலில் நாம் செய்யக்கூடிய நல்ல மாற்றம்.

எப்போது திரும்பும்?

எல்லா வீட்டிலும் கேட்கப்படும் கேள்வி இது. சுவை பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வருகிறது. சிகிச்சை முடிந்த ஒன்றிரண்டு மாதத்தில் மெல்லத் தொடங்கும். ஓரளவு பழைய நிலைக்கு வர ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். சிலருக்குச் சில சுவைகள் முழுமையாகத் திரும்பாமலும் போகலாம்.

உமிழ்நீரின் கதை வேறு. எந்தச் சுரப்பியின் மீது எவ்வளவு கதிர் பட்டது என்பதைப் பொறுத்தது அது. காதருகே உள்ள சுரப்பிகளில் ஒன்றாவது சராசரியாக 26 கிரேவுக்குக் குறைவாக வாங்கியிருந்தால் ஓராண்டு, ஈராண்டில் நல்ல அளவுக்குச் சுரப்பு மீள வாய்ப்பிருக்கிறது. அதைவிட மிக அதிகமாக வாங்கியிருந்தால் வறட்சி நிரந்தரமாகவும் தங்கிவிடலாம்.

இதற்காகத்தான் இப்போது சுரப்பிகளை ஒதுக்கி, கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிர்களை வளைத்துச் செலுத்தும் 'ஐ.எம்.ஆர்.டி.' என்ற முறை வந்திருக்கிறது. பிரிட்டனில் 94 நோயாளிகளை வைத்துச் செய்யப்பட்டு 2011இல் வெளியான ஓர் ஆய்வில், பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குப் பின்னும் தொல்லை தரும் அளவுக்கு வறட்சி இருந்தது. ஐ.எம்.ஆர்.டி. முறையில் அது 38 சதவீதமாக இருந்தது. சிகிச்சை இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்றால், "உமிழ்நீர்ச் சுரப்பியைக் காப்பாற்றும் முறை எங்கள் நோயாளிக்குப் பொருந்துமா?" என்று கேட்பது குடும்பத்தின் உரிமை. கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து மருத்துவர் பதில் சொல்வார்.

வாயை ஈரமாக வைத்திருப்பது

தண்ணீர் பாட்டில் இனி அவருடைய நிரந்தரத் துணை. ஒரே மூச்சில் ஒரு செம்பு குடிப்பதால் வயிறுதான் நிரம்பும், சிறுநீர்தான் போகும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு வாய் எடுத்து, வாய்க்குள் சுழற்றி, மெல்ல விழுங்க வேண்டும். வெளியே போகும்போதும், பள்ளிவாசலுக்குப் போகும்போதும், படுக்கையிலும் பாட்டில் கூடவே இருக்கட்டும்.

உப்பும் சோடாவும் கலந்த நீரால் வாய் கொப்பளிப்பது செலவில்லாத, பயனுள்ள வழி. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி ஆப்பச் சோடாவும் கலந்துகொள்ளுங்கள். துணிக்குப் போடும் சோடாவை எடுத்துவிடக் கூடாது; கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடரும் இதற்கு ஆகாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், படுக்கும் முன்னும் என்று நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளித்துத் துப்ப வேண்டும். கெட்டிக் கோழை இளகும், அமிலம் சமனாகும், சாப்பாட்டின் ருசியும் கொஞ்சம் தெளியும். அன்றன்றைக்குப் புதிதாகக் கலந்துகொள்வது நல்லது. ஒளுச் செய்யும்போது வாய் கொப்பளிப்பது நம் வழக்கம்தானே. அந்த நேரங்களை ஒட்டி இதையும் வைத்துக்கொண்டால் மறக்காது.

கடையில் விற்கும் மவுத்வாஷ்களில் பலவற்றில் ஆல்கஹால் இருக்கிறது. அது எரிச்சலைத் தருவதோடு வாயை இன்னும் வறட்டும். லேபிளைப் பார்த்து ஆல்கஹால் இல்லாததையே வாங்க வேண்டும்.

சர்க்கரை இல்லாத சூயிங்கத்தை மெல்லுவதும், சர்க்கரை இல்லாத மிட்டாயைச் சப்புவதும் மிச்சமிருக்கும் சுரப்பைத் தூண்டும். செயற்கை உமிழ்நீர் என்று ஜெல்லாகவும் ஸ்பிரேயாகவும் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. அதன் பலன் கொஞ்ச நேரம்தான் என்றாலும், சாப்பிடும் முன்னும் தூங்கும் முன்னும் போட்டுக்கொண்டால் உதவும்.

இரவில்தான் தொல்லை அதிகம். வாயைத் திறந்து தூங்குபவருக்கு நள்ளிரவில் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஏசி அறைக் காற்று இதைக் கூட்டும். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காற்றை ஈரமாக்கும் கருவி இருந்தால் நல்லது. உதடு வெடிக்காமலிருக்க வாசலின் தடவலாம்.

டீ, காபியை அடிக்கடி குடிப்பதைக் குறைக்க வேண்டும். அலர்ஜிக்கும் சளிக்கும் தரப்படும் சில மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் ஆகியவையும் வாயை வறட்டும். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். நாமாக எதையும் நிறுத்திவிடக் கூடாது.

"வாய் காயுது, ஒரு வெற்றிலை போட்டுக்கறேனே" என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் கேட்பதுண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. கொட்டைப்பாக்குத் தனியாகவும் அதே பட்டியலில் இருக்கிறது. எனவே இந்த ஒன்றில் மட்டும் தாட்சண்யம் பார்க்கக் கூடாது. சிகரெட்டுக்கும் இதே பதில்தான்.

சாப்பாட்டை எப்படி மாற்றுவது?

இந்த வாய்க்குப் பரோட்டா, காய்ந்த ரொட்டி, பிஸ்கட், வறுத்த கறி எல்லாம் எதிரிகள். ஈரமும் மென்மையும் வழுவழுப்பும் உள்ளவை நண்பர்கள். நல்லவேளையாக நம் சமையலில் அப்படிப்பட்ட உணவுகளுக்குப் பஞ்சமில்லை.

குழைய வெந்த நோன்புக் கஞ்சியை மிளகாய் இல்லாமல், பாசிப்பருப்பும் கொத்துக்கறியும் சேர்த்து ஆக்கலாம். இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்துக் கொடுக்கலாம். குழைந்த சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து தரலாம். தயிர்சாதம், முட்டை, முள் நீக்கிய மீன், கோழி சூப் எல்லாம் எளிதாக இறங்கும். ரமழானில் மட்டும் செய்யும் கடற்பாசியைப் பாலில் காய்ச்சி, குளிரவைத்துக் கொடுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு இறங்கும், எரியும் வாய்க்கும் இதமாக இருக்கும். வட்டலப்பத்தில் முட்டையும் தேங்காய்ப்பாலும் இருப்பதால் எடை இறங்கியவருக்குத் தெம்பு தரும். சர்க்கரை நோய் இருந்தால் இனிப்புகளின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சூடு வேண்டாம். ஆறியதோ குளிர்ந்ததோ நல்லது. ஆறிய உணவில் வாசம் மட்டுப்படுவதால் குமட்டல் உள்ளவர்களுக்கும் அது ஏற்றது. குமட்டல் இல்லாதவருக்கு வாசனைப் பொருட்களைத் தாராளமாகச் சேருங்கள். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு வாய் தண்ணீரோ மோரோ குடிக்கட்டும். மூன்று வேளைப் பெரிய சாப்பாட்டுக்குப் பதில் ஆறு வேளைச் சின்னச் சாப்பாடு அவருக்குச் சுலபம்.

இறைச்சி இரும்பு போலிருக்கிறது என்றால் வற்புறுத்த வேண்டாம். முட்டை, பருப்பு, தயிர், பன்னீர், மீன் என்று புரதத்துக்கு வேறு வழிகள் இருக்கின்றன. எவர்சில்வர் கரண்டிக்குப் பதில் மரக் கரண்டியும் பீங்கான் தட்டும் பயன்படுத்தினால் சிலருக்கு அந்த இரும்புச் சுவை குறைகிறது. வாய்ப்புண் ஆறிவிட்டவர்களுக்குக் கொஞ்சம் எலுமிச்சையும் புளிப்பும் சுவையை எழுப்பும். புண் இருக்கும்வரை அவை ஆகாது. ருசி தெரியவில்லை என்று உப்பை அள்ளிப் போட்டால் ரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு ஆபத்து. இன்று பிடிக்காதது அடுத்த மாதம் பிடிக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே உணவைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள்.

வாரம் ஒருமுறை ஒரே நாளில், ஒரே தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். தொடர்ந்து இறங்கினால் காத்திருக்க வேண்டாம். சில நோயாளிகளுக்கு மூக்கு வழியாகவோ வயிற்றிலோ குழாய் வைத்து உணவு தரச் சொல்வார்கள். அதைக் கேட்டு நாம் கலங்கிப்போகிறோம். பெரும்பாலும் அது உடம்பு தேறும்வரை தாங்கிப் பிடிக்கும் ஊன்றுகோல்தான். ஆனால் குழாய் இருந்தாலும், மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு வாயாலும் கொஞ்சம் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் விழுங்கும் தசைகள் வேலையை மறந்துவிடும்.

பல்லை மறந்துவிடாதீர்கள்

உமிழ்நீர் குறைந்த வாயில் பல் சொத்தை மிக வேகமாகப் பரவும். ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் தொடங்கி, பல்லைச் சுற்றி அரித்து, சில மாதங்களிலேயே பல்லை முறித்துவிடும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. கதிர்வீச்சு பட்ட தாடை எலும்புக்கு, குறிப்பாகக் கீழ்த்தாடைக்கு, ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். அங்கே பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகக்கூடும். இந்த ஆபத்து சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் நீங்குவதில்லை.

ஆகவே சிகிச்சை தொடங்கும் முன்பே பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். பிடுங்க வேண்டிய பற்களை அப்போதே பிடுங்கி, புண் ஆற இரண்டு வாரமாவது கொடுத்துவிட்டுத்தான் கதிர்வீச்சைத் தொடங்குவார்கள். சிகிச்சை முடிந்தவர்கள் எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் முதல் வார்த்தையாக "எனக்குத் தாடையில் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள்" என்று சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்திருந்து காட்ட வேண்டும். எவ்வளவு கிரே, எந்தப் பக்கம் என்ற விவரம் அதில் இருக்கும்.

மிக மென்மையான பிரஷ்ஷால் இரண்டு வேளையும் பல் துலக்க வேண்டும். மிஸ்வாக் குச்சி பழகியவர்கள், ஈறும் வாய்ப்புண்ணும் முழுமையாக ஆறும்வரை அதை ஒதுக்கிவைத்து, பிறகு பல் மருத்துவரைக் கேட்டுத் தொடரலாம். சாதாரணப் பற்பசையைவிடப் பல மடங்கு ஃபுளோரைடு உள்ள பசையையோ ஜெல்லையோ பல் மருத்துவர் எழுதித் தருவார். அதைத் தினமும், பல் இருக்கும் காலம்வரை பயன்படுத்த வேண்டியிருக்கும். தேனும் பேரீச்சம்பழமும் நல்ல உணவுதான். ஆனால் பல்லில் ஒட்டிக்கொள்ளும் எந்த இனிப்பும் இந்த வாயில் சொத்தைக்கு விதை. தின்ற உடனே வாய் கொப்பளித்துவிட வேண்டும். பல்செட் அணிபவர்கள் இரவில் கழற்றிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும்.

மருந்து இருக்கிறதா?

பிலோகார்பைன் என்ற மாத்திரை இருக்கிறது. பிரேசிலில் வளரும் ஜபொராண்டி என்ற செடியின் இலையிலிருந்து கிடைத்த மருந்து அது. கதிர்வீச்சால் வரும் வாய் வறட்சிக்கு அதைப் பயன்படுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1994இல் ஒப்புதல் தந்தது. சுரப்பியில் கொஞ்சமாவது உயிர் மிச்சம் இருப்பவருக்குத்தான் அது வேலை செய்யும். பலன் தெரிய 12 வாரம் வரைகூட ஆகலாம். வியர்த்துக் கொட்டும், அடிக்கடி சிறுநீர் வரும், மூக்கு ஒழுகும். கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமாவும், கண் அழுத்த நோயில் சில வகையும் உள்ளவர்களுக்கு அது ஆகாது. எனவே மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே சாப்பிட வேண்டும்.

சுவையைத் திரும்பக் கொண்டுவரும் மாத்திரை என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒன்று இப்போதைக்கு இல்லை. துத்தநாக மாத்திரை உதவும் என்று பேசப்பட்டாலும், ஆய்வுகளில் அதன் பலன் உறுதிப்படவில்லை. கருஞ்சீரகம் முதல் கஷாயம் வரை எதைக் கொடுப்பதாக இருந்தாலும், குறிப்பாகக் கீமோ நடக்கும் காலத்தில், மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

ரமழான் வரும்போது

நாள் முழுக்கச் சிறுகச் சிறுக நீர் அருந்த வேண்டியவருக்கு நோன்பு பெரும் கவலையாகிவிடுகிறது. "எல்லோரும் நோற்கிறார்கள், என்னால் முடியவில்லையே" என்று சிலர் யாரிடமும் சொல்லாமல் நோன்பு வைத்து, மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. உடல்நிலை தாங்குமா, மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். பிறகு களாச் செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை ஆலிமிடம் கேளுங்கள். இரண்டு கேள்விகளையும் ரமழானுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

எப்போது உடனே காட்ட வேண்டும்?

நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ வெள்ளைப் படலம் படர்ந்து எரிந்தால், அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். வறண்ட வாயில் அது எளிதில் வரும், சுவையையும் இன்னும் கெடுக்கும், மருந்தில் குணமாகும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறி இருமல் வந்தால், உணவு நுரையீரலுக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். வாய் திறப்பது நாளுக்கு நாள் குறுகினால் பயிற்சியை உடனே தொடங்க வேண்டும். தாமதித்தால் தாடை இறுகிவிடும். ஈறு விலகி எலும்பு தெரிந்தால், ஆறாத புண் இருந்தால், கழுத்தில் புதிதாகக் கட்டி தென்பட்டால், முழு நாளும் ஒன்றும் இறங்கவில்லை என்றால், அடுத்த செக்கப் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது.

கூடி உட்காருவோம்

நம் ஊர்களில் விருந்து என்றால் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து உண்கிறோம். வீட்டிலும் சாப்பாட்டு நேரம்தான் பேச்சும் சிரிப்புமாக இருக்கும் நேரம். ருசி போன மனிதர் இழப்பது உணவை மட்டும் அல்ல, அந்தக் கூட்டத்தையும்தான். மெல்ல நேரமாகிறது, நடுவில் துப்ப வேண்டியிருக்கிறது, மற்றவர்கள் முகம் சுளிப்பார்களோ என்று கூச்சப்படுகிறார். கல்யாண வீட்டுக்கு வர மறுக்கிறார். பேசினால் நா ஒட்டிக்கொள்வதால் பேச்சையும் குறைத்துக்கொள்கிறார். வீட்டாரோ "கொஞ்சம் மனசு வச்சா சாப்பிடலாம்" என்கிறார்கள். அந்த ஒரு வார்த்தை அவரை நோயைவிட அதிகமாக வதைக்கும். சாப்பிட வேண்டும் என்ற மனசு அவருக்கு இருக்கிறது, ஒத்துழைக்காதது வாய்தான்.

எனவே தட்டில் மிச்சம் வைத்தால் கோபிக்க வேண்டாம். தனியாக ஒரு கிண்ணத்தில் அவருக்கு ஏற்றதை வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்து, நம்மோடு உட்கார வையுங்கள். அவர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டால் நாமும் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்போம். எதைச் சாப்பிட முடிந்தது, எது எரிந்தது என்று வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும். மாதங்கள் போகப் போக அந்த நோட்டில் "எரிந்தது" என்ற பட்டியல் குறையும்.

பிறகு ஒரு நாள் ஆணத்தை வாயில் வைத்த வாப்பா, "இன்னிக்கு உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்பார். அன்று உம்மா கோபித்துக்கொள்ள மாட்டார்.